விருந்துக்குப் புறப்பட்ட ஏரி

ஆனைக்குளத்துக்காரர்களாகிய நாங்கள் யாரைப் பார்த்தாலும் வீட்டுக்கு வாங்க என்று கூப்பிடாமல் விடமாட்டோம், ஏனென்றால் யாரும் வரமாட்டார்கள் என்று எங்களுக்குத் தெரியும். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர், ஆஸ்பத்திரியில் ஊசி போட்டவர், கமுதிச் சந்தையில் ஆட்டு விலை படியாமல் சண்டைக்கு வந்தவர் என்று எல்லாரிடமும் கடைசியில் ‘ஒரு எட்டு நம்ம ஊருக்கும் வந்துட்டுப் போங்க’ என்று சொல்லித்தான் பிரிவோம், அவர்களும் ‘வராம என்ன’ என்று தலையாட்டுவார்கள், அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. வருகிறவருக்கு முதலில் ஒரு சொம்புத் தண்ணீர் கொடுக்க வேண்டும், அந்த ஒரு சொம்புக்கு எங்கள் பெண்கள் ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டிக் கொட்டாங்குச்சியால் சுரண்டிச் சுரண்டிக் குடத்தை நிரப்ப வேண்டும் என்பது சுற்றுவட்டாரம் முழுக்கத் தெரிந்த விஷயம், தெரிந்தவர்கள் நாகரிகமாக வராமல் இருந்துவிடுவார்கள். ஊர்ப் பெயரில் மட்டும் ஒரு யானை இன்னும் குளித்துக்கொண்டிருக்கிறது. கண்மாய் நிறையச் சீமைக்கருவேலம்.

எங்களில் பஞ்சவர்ணத்தைப் போல வாய்நிறையக் கூப்பிடுகிறவள் யாருமில்லை. அவள் வைகைக் கரையில் ஒரு ஊரில் பிறந்து, அங்கே படித்துறையில் காலை ஆட்டிக்கொண்டே வளர்ந்து, எங்கள் ஊர் வழிவிட்டானுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். வழிவிட்டான் என்பது எங்கள் பக்கத்துச் சாமி பெயர், பாதி ஆண்பிள்ளைகளுக்கு அதுதான் பெயர், ஆனால் இவன் மைக்செட் வழிவிட்டான். ஆம்னி வேன் ஒன்று வைத்திருந்தான், அதன் தலையில் இரண்டு குழாய் ரேடியோ, சுற்றுப்பட்டில் எந்தக் கோயில் கொடை, எந்தக் காதுகுத்து, எந்தச் சாவு என்றாலும் அவன் குரல்தான் முதலில் போய்ச் சேரும். இருவருக்கும் பிள்ளை இல்லை. ஆகவே அவர்கள் வீட்டு வாசலை மிதிக்கப் பேரன் பேத்தி என்றும் யாரும் இல்லை, பஞ்சவர்ணம் மட்டும் தினமும் வாசல் தெளிக்கிற அந்தக் கையளவு தண்ணீரை மிச்சம் பிடித்துக் கோலம் போடுவாள், வருகிறவர் காலில் படட்டும் என்று.

கல்யாணமான புதிதிலிருந்து அவள் புருஷனிடம் கேட்டது ஒன்றுதான்: அடி தெரியாத தண்ணீரை ஒரு தரம் கண்ணால் பார்க்க வேண்டும். அந்த வருஷம் பங்குனிப் பொங்கல்கள் முடிந்து, சித்திரைக் கொடைகளுக்கு இன்னும் அழைப்பு வராமல் இருந்த இடைவெளியில், குழாய் ரேடியோவைக் கழற்றக்கூடச் சோம்பல்பட்டுக்கொண்டு வழிவிட்டான் வேனை எடுத்தான். மலைக்கு மேலே ஏரிகள், ஏரிக்கு ஏரி நடந்துபோகக் காட்டுப்பாதைகள், பார்த்துவிட்டு வந்துவிடலாம். பஞ்சவர்ணம் ஒரு பிளாஸ்டிக் கேனில் ஊற்றுத் தண்ணீரை நிரப்பி, தன் பெயர் வெட்டிய சீர்ச் சொம்பு ஒன்றையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டு ஏறினாள்.

“ஏரி பாக்கப் போறவ தண்ணியத் தூக்கிட்டு வர்றாளே. திருநெல்வேலிக்கே அல்வாவா?” என்றான் வழிவிட்டான்.

“போற எடத்துல யாராச்சும் தண்ணி கேட்டா என்ன செய்வீங்க?” என்றாள் அவள். எங்கள் ஊர்ப் பெண்களுக்கு அந்தப் பயம் எந்த நாளும் போகாது.

மலையில் அவர்கள் முதலில் பார்த்தது கொடைக்கானல் ஏரி. படகு, குதிரை, பஞ்சுமிட்டாய் எல்லாம் பார்த்துவிட்டுக் கிளம்பும்போது, டீக்கடைக்காரரிடமும் குதிரைக்காரரிடமும் சொன்ன வாயோடு ஏரியையும் பார்த்து ‘ஒரு எட்டு வந்துட்டுப் போங்கத்தா’ என்றாள். அது பெரிய ஊர் ஏரி, நாளெல்லாம் ஆயிரம் பேர் ஆயிரம் சொல்வார்கள், அது எதையும் காதில் போட்டுக்கொள்வதில்லை. இரண்டாவது, மேற்கே தள்ளி ஒரு அணைக்கட்டு ஏரி. அதையும் கூப்பிட்டாள். அதற்கு அரசாங்க உத்தியோகம், மதகைத் திறக்கச் சொன்னால் திறந்து மூடச் சொன்னால் மூடிக்கொண்டு கிடக்க வேண்டும், நினைத்தபோது லீவு கிடைக்காது.

மூன்றாவது செங்கோம்பை ஏரி. சோதனைச்சாவடியில் வேனை நிறுத்திவிட்டு நடக்க வேண்டும். பைன் மரங்களுக்குள் செருப்பு வழுக்க வழுக்க ஏறி, சோலைக்காட்டுக்குள் அட்டைக்குப் பயந்து வேகவேகமாகக் கடந்து, புல்மேட்டில் மூச்சு வாங்கி நின்றால், கீழே உள்ளங்கையில் வைத்த மாதிரி அந்த ஏரி. படகு இல்லை, கடை இல்லை, போர்டு இல்லை. ஒரு ஓரத்தில் வாய்க்கால் ஒன்று புறப்பட்டுச் சரிவில் இருக்கும் செங்கோம்பை ஊரின் பூண்டு வயல்களுக்குப் போனது. பஞ்சவர்ணம் கரையில் உட்கார்ந்து காலைத் தொங்கவிட்டாள். அடி தெரிகிறதா என்று அவள் குனிந்து குனிந்து பார்த்ததில், விழுந்துவிடப் போகிறாளே என்று பயந்துபோனதாக வழிவிட்டான் பிற்பாடு எங்களிடம் சொன்னான். வெயில் சாயத் தொடங்கியதும் அவள் எழுந்து, சேலையை உதறி, பெரிய மனுஷியிடம் விடைபெறுகிற மாதிரி தண்ணீரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

“நேரமாச்சு, நாங்க போயிட்டு வர்றோம். ஆத்தா, ஒரு எட்டு நம்ம ஊருக்கும் வந்துட்டுப் போங்க.”

அந்த ஏரியிடம் அதுவரை யாரும் அப்படிச் சொன்னதில்லை. செங்கோம்பைக்காரர்கள் பிறந்ததிலிருந்து அதன் தண்ணீரில் குளித்தார்கள், குடித்தார்கள், பாய்ச்சினார்கள், ஆனால் கூடவே இருக்கிற ஒன்றை யார் வா என்று கூப்பிடுவார்கள்? புல்மேட்டைத் தாண்டிச் சோலைக்குள் நுழைந்த பிறகு பின்னால் சலசலவென்று சத்தம் கேட்டது, காட்டெருமையோ என்று வழிவிட்டான் திரும்பினான். ஏரி வந்துகொண்டிருந்தது. தன் கரைகளைக் கொசுவம் மாதிரி தூக்கிச் செருகிக்கொண்டு, ஒற்றையடிப் பாதைக்கு ஏற்ப ஒற்றையடியாக ஒடுங்கி, வேர்களை மிதிக்காமல் விலகி விலகி, மீன்களையும் அல்லிக்கொடிகளையும் கூட்டிக்கொண்டு, ஒரு நீர்க்காகம் மேலே உட்கார்ந்து வர, அது அவர்களுக்குப் பின்னால் மரியாதையான தூரத்தில் இறங்கி வந்தது.

“ஏய், என்னடி சொல்லித் தொலைச்ச அதுகிட்ட?”

“என்னத்தச் சொன்னேன். எல்லார்ட்டயும் சொல்றதத்தான் சொன்னேன்.”

“வரவேணாம்னு சொல்லு.”

“கூப்பிட்ட வாயால எப்படிங்க வரவேணாம்னு சொல்றது?” என்றாள் பஞ்சவர்ணம். சொல்லும்போதே அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. வாழ்நாளெல்லாம் கூப்பிட்டுக்கொண்டே இருந்தவள், முதல் முறையாக ஒருவர் வருகிறார், அதுவும் நடந்தே.

சோதனைச்சாவடியில் வனக்காவலர் ஒருவர் இருந்தார். வனப்பொருள் எதையும் மலையை விட்டு இறக்கக் கூடாது என்று போர்டு இருந்தது, தேன், கட்டை, கல், செடி என்று ஒவ்வொன்றாக எழுதியிருந்தது, ஏரியைப் பற்றி ஒன்றும் இல்லை. அவர் போர்டை ஒரு தரம் படித்தார், ஏரியை ஒரு தரம் சுற்றி வந்தார்.

“இது நீங்க எடுத்துட்டுப் போறதா, அதுவா வர்றதா?”

“அதுவா வருதுய்யா” என்றான் வழிவிட்டான்.

“அதுவா வந்தா யானைக்கே நாங்க கேட்டத் தொறந்துதான் விடுறோம்” என்று சொல்லிக் குறுக்குக் கம்பை முழுக்கத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார், கடைசி அல்லி இலை கடக்கிற வரைக்கும்.

ரோட்டுக்கு வந்ததும் வேறு தொந்தரவு. வளைவுகளில் எதிரே வருகிற காய்கறி லாரிகள் ஏரியைக் கண்டு சடாரென்று பிரேக் போட்டன. வழிவிட்டான் யோசித்துப் பார்த்து மைக்கை எடுத்தான். சாமி ஊர்வலத்துக்கு முன்னால் போய்ப் பழகியவன் அல்லவா, குரல் தானாகக் கிளம்பிவிட்டது. “அன்பார்ந்த பொதுமக்களே, நமது வாகனத்தைத் தொடர்ந்து செங்கோம்பை ஏரி வந்துகொண்டிருக்கிறது. எதிரே வரும் வாகனங்கள் தயவுகூர்ந்து ஓரமாக நின்று வழிவிடும்படி அன்போடு கேட்டுக்கொள்கிறோம்.” அதன்பிறகு ஒரு குழப்பமும் இல்லை. ஏரி இடப்பக்கமாகவே வந்தது, பஸ் ஹாரன் அடித்தால் ஒதுங்கிப் பள்ளத்தில் இறங்கி நின்று, போன பிறகு ஏறியது. சுற்றுலா வந்தவர்கள் அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள், எடுத்துவிட்டு ஈரமான செருப்பை உதறியபடி அடுத்த இடத்தைப் பார்க்கப் போனார்கள்.

வழியில் காரட் கழுவுகிற ஒரு ஊர். அங்கே ரோட்டோரம் மண்ணும் காரட்டுமாக உட்கார்ந்திருந்த பெண்கள், ஏரி வருவதைப் பார்த்ததும் கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து, ‘கொஞ்சம் நில்லுத்தா’ என்று சொல்லி அலசிக்கொண்டார்கள், ஏரியும் நின்றது. பெட்டிக்கடைக்காரர் பத்து நிமிஷத்தில் ‘ஏரிக்கு பிஸ்கட் போடக் கூடாது’ என்று அட்டையில் எழுதிக் கட்டிவிட்டு, அதன் கீழேயே பிஸ்கட் விற்றார். ஒருவர் மட்டும் சத்தமில்லாமல் ஆயில் மோட்டாரைக் கொண்டுவந்து குழாயைத் தண்ணீருக்குள் விட்டார். பஞ்சவர்ணம் வேனிலிருந்து குதித்து வந்தாள்.

“ஏங்க, உங்க வீட்டு வழியா ஒருத்தர் விருந்துக்குப் போனா, நிறுத்தி வச்சு மடியில கைய விடுவீங்களா?” என்று கேட்டாள். அந்த ஆள் குழாயை உருவிக்கொண்டு, மோட்டாரின் மேல் துண்டைப் போட்டு மூடிவிட்டு, தலையைச் சொறிந்தார்.

இருட்டுவதற்குள் அணைக்கட்டு ஏரிக்கு வந்து அங்கேயே தங்கினார்கள். இரண்டு ஏரிகளும் கல்யாண வீட்டில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்த சம்பந்திகள் மாதிரி, ஒட்டாமலும் விலகாமலும் கிடந்தன. காலையில் இரண்டின் மேலும் ஒரே மூடுபனி. பனி விலகியபோது பஞ்சவர்ணம் முதல் வேலையாகப் போய்ப் பார்த்தாள். இருந்தது. ராத்திரி மனம் மாறித் திரும்பிப் போயிருக்குமோ என்று தான் தூங்கவே இல்லை என்று அவள் அதனிடமே சொன்னாள்.

அன்று காலைதான் வழிவிட்டான் எங்களுக்குப் போன் செய்தான். செய்தி சொன்னதும் நாங்கள் நம்பவில்லை என்று யாராவது எழுதினால் அது பொய். அப்படி ஒன்று எங்களுக்கு நடக்கத்தான் வேண்டும் என்று நாங்கள் எப்போதோ முடிவு செய்திருந்தோம், யார் மூலம் என்பதுதான் தெரியாமல் இருந்தது. சண்டைதான் வந்தது. ஏரி முதலில் எந்தத் தெரு வழியாக வருவது என்று கீழத்தெருவும் மேலத்தெருவும் முண்டாசு கட்டிக்கொண்டு நின்றன, ஆரத்தித் தட்டை யார் எடுப்பது என்று பெண்கள் பேச்சை முறித்துக்கொண்டார்கள், எங்கள் ஊராட்சித் தலைவர் வேட்டி மாற்றிக்கொண்டு வந்து ‘வந்தா எங்க தங்கும்?’ என்று கேட்டபோதுதான் எல்லாரும் கண்மாய்ப் பக்கம் திரும்பிப் பார்த்தோம். கருவேல முள், இடிந்த கரை, மண் மூடிய வரத்துக் கால்வாய், நடுவில் யாரோ கட்டியிருந்த மாட்டுக்கொட்டகை. விருந்தாளி வருகிற வீடு இப்படியா கிடக்கும்? அரிவாளும் கோடாரியும் ஒரு பொக்லைனும் கிளம்பின. மழைக்கு முன்னால் வெட்டுங்கள் என்று அதிகாரிகள் சொல்லிச் சொல்லி நாங்கள் வெட்டாத முள்ளை, ஒரே பகலில் பாதி வெட்டினோம்.

மலையில் அவர்கள் இறங்கத் தொடங்கியிருந்தார்கள். கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றாகக் கழியக் கழியக் காற்று சூடாகிக்கொண்டே வந்தது. வழிவிட்டான் உற்சாகத்தில் இருந்தான். கண்மாய் நிறைந்ததும் முதலில் என்ன செய்வது என்று மைக்கை அணைக்காமலே பேசிக்கொண்டு வந்தான், நெல் போடலாம், பசு வாங்கலாம், நம்ம ஊருக்குப் பெண் கொடுக்கமாட்டேன் என்று சொன்னவன் எல்லாம் வரிசையில் நிற்பான் என்று மலை முழுக்கக் கேட்டது. பஞ்சவர்ணம் பின் கண்ணாடி வழியாக ஏரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். மேலே இருந்தபோது ரோட்டை அடைத்துக்கொண்டு வந்தது, இப்போது வேனின் அகலம்தான் இருந்தது. ஓரங்களில் ஆவி எழும்பியது. அல்லி இலைகள் சுருண்டிருந்தன. நீர்க்காகத்தை எப்போதோ காணோம். ஆனாலும் அது நிற்கவில்லை, கூப்பிட்ட வீட்டுக்குக் கிளம்பியவர்கள் கால் வலிக்கிறது என்று சொல்லமாட்டார்கள்.

கடைசி வளைவில் ஒரு காய்கறி ஜீப் வேனைத் தாண்டி வந்து குறுக்கே நின்றது. செங்கோம்பைக்காரர்கள். சட்டையைப் பிடிக்கத்தான் வருகிறார்கள் என்று வழிவிட்டான் ஜாக்கிக் கம்பியைத் தேடினான். முதலில் இறங்கியவள் பஞ்சவர்ணத்தின் வயதுள்ள ஒரு பெண், பெயர் நாச்சம்மாள் என்று சொன்னாள், தலையில் கம்பளிக் குல்லா, கையில் ஒரு தாம்பாளம். அதில் வெற்றிலை, மலைவாழைப்பழம், குங்குமம். இன்னொரு வீட்டுக்குப் போனவரை அழைத்துவரப் போகும்போது வெறுங்கையோடு போகக் கூடாது என்பது மலையிலும் முறைதான்.

“மதினி, நாங்க சண்டைக்கு வரல” என்றாள் நாச்சம்மாள். “ஆம்பளைங்க வாளியும் கயிறுமா கிளம்புனாங்க. இழுத்துட்டு வந்தா அது வராதுன்னு நாந்தான் நிறுத்துனேன். கூப்பிட்டவங்க கையாலதான் அனுப்பி வைக்கணும்.”

“நாங்க என்ன திருடிட்டா போறோம்?” வழிவிட்டானின் குரல் இரண்டு குழாயிலும் அதிர்ந்தது, மைக்கை அணைக்க மறந்திருந்தான். “தானா வருது. உங்களுக்கு மலை முழுக்கத் தண்ணி. எங்க ஊருல வந்து பாருங்க, செத்தவனக் குளிப்பாட்டவே பக்கத்து ஊருக்குப் போறோம்.”

“அண்ணே, இல்லைங்கல. பூண்டு பல்லு திரளுற நேரம், இன்னொரு தண்ணி பாய்ஞ்சா ஊரு பொழைச்சுக்கும், பாயலன்னா அத்தனையும் சருகு. அத விடுங்க.” நாச்சம்மாள் பஞ்சவர்ணத்தைத்தான் பார்த்துப் பேசினாள். “நேத்து வெறும் பள்ளத்தப் பாத்தப்பதான் எனக்கு ஒறைச்சுச்சு மதினி. பொறந்ததுலருந்து அதுகிட்ட எடுத்திருக்கேன், ஒரு வார்த்தை பேசினதில்ல. நீங்க ஒரு நாள்ல பேசிட்டீங்க. அது எப்படி உங்க பின்னால வராம இருக்கும்?”

பஞ்சவர்ணம் ஏரிக்குப் பக்கத்தில் போய் நின்றாள். கீழே சமவெளி தெரிந்தது, வெள்ளை வெயிலில் அசையாமல் கிடந்தது. இன்னும் அரைமணி நேரம் இறங்கினால் போதும். ஊரில் நாங்கள் முள் வெட்டிக்கொண்டிருக்கிறோம் என்று அவளுக்குத் தெரியும், ஏரியோடு போனால் எங்கள் ஊர் இருக்கிற மட்டும் அவள் பெயர் இருக்கும் என்பதும் தெரியும். அதெல்லாம்கூடப் பெரிதில்லை. தன் வாசல் கோலத்தை ஒருவர் மிதித்து வருவதை அவள் ஒரே ஒரு தரம் பார்க்க வேண்டும்.

“என்னங்க” என்று புருஷனைக் கூப்பிட்டாள். “நான் வைகைக் கரையிலருந்து வந்தப்ப எனக்கு முடி முழங்கால் வரைக்கும் கிடந்துச்சு, ஞாபகம் இருக்கா?”

“அதுக்கும் இதுக்கும் என்னடி?”

“கூப்பிட்டீங்க, வந்தேன். வந்தப்புறம் திரும்பிப் போகணும்னு தோணுனாலும் சொல்ல முடியல. உங்கள குத்தம் சொல்லல, நீங்க நல்லாத்தான் வச்சிருந்தீங்க. ஆனா காஞ்சு போனேன்ல? ஒரு எட்டு வந்துட்டுப் போறது வேற. வந்து மாட்டிக்கிறது வேற. நான் அத வந்துட்டுப் போகத்தான கூப்பிட்டேன்.”

வழிவிட்டான் மைக்கை அணைத்தான். இத்தனை வருஷமாக அவள் இதைச் சொல்லாமலே இருந்திருக்கிறாள் என்பதுதான் தன்னை அடித்துப் போட்டது என்று எங்களிடம் சொல்லும்போதும் அவன் தரையைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னான்.

பஞ்சவர்ணம் வேனுக்குள்ளிருந்து கேனை எடுத்தாள். வழியில் யாருமே தண்ணீர் கேட்காததால், இவர்கள் குடித்தது போக அடியில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அதைச் சொம்பில் சாய்த்தாள், தளும்பவில்லை, முக்கால் சொம்பு இருந்தது, உப்புக் கரிக்கிற எங்கள் ஊற்றுத் தண்ணீர். இரண்டு கையாலும் ஏந்தி ஏரிக்கு முன்னால் குனிந்தாள்.

“ஆத்தா, இது எங்க வீட்டுத் தண்ணி. இதக் குடிச்சிட்டீங்கன்னா எங்க வீட்டுக்கு வந்த மாதிரிதான். இவ்வளவு தூரம் நடந்து வந்தீங்களே, எனக்கு அதுவே போதும்.”

ஏரி ஒரு சின்ன அலையாக எழும்பி வந்து குடித்தது. மலைத் தண்ணீர் அது, எங்கள் தண்ணீரின் கரிப்பு அதற்கு எப்படி இருந்திருக்கும் என்று எங்களுக்குத் தெரியும், ஆனால் முகம் சுளிக்காமல், நல்ல விருந்தாளி மாதிரி, கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தது. குடித்த வேகத்தில் சொம்பும் அவள் கையிலிருந்து நழுவி உள்ளே போய்விட்டது. நாச்சம்மாள் தாம்பாளத்தை நீட்ட, பஞ்சவர்ணம் குங்குமத்தை எடுத்துத் தண்ணீரின் ஓரத்தில் வைத்தாள். நாச்சம்மாள் பக்கம் திரும்பி, கையைப் பிடித்துக்கொண்டு, அழுகையோடு அழுகையாக, பழக்கம் விடுமா, “மதினி, நீங்களும் ஒரு எட்டு நம்ம ஊருக்கு வந்துட்டுப் போங்க” என்றாள்.

ஏரி திரும்பியது. வழிவிட்டான் மைக்கை மறுபடி எடுத்து, “அன்பார்ந்த பொதுமக்களே, ஏரி மேலே போகிறது, இறங்கி வரும் வாகனங்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்” என்று அது கண்ணுக்கு மறைகிற வரை சொல்லிக்கொண்டிருந்தான்.

நாங்கள் ஆரத்தித் தட்டோடு ஊர் எல்லையில் நின்றோம். வேன் மட்டும் வந்தது. பின்னால் புழுதிதான். பஞ்சவர்ணம் இறங்கி நடந்ததைச் சொன்னாள், ஒளிக்கவில்லை. அன்று நாங்கள் அவளைப் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. கையில் கிடைத்த வெண்ணெயைத் தெருவில் கொட்டிவிட்டு வந்தவள் என்பதுதான் அதில் நாகரிகமான வாசகம். அதன்பிறகு ஊற்றுக்கு அவள் போனால் மற்ற பெண்கள் எழுந்து வந்துவிட்டார்கள், காதுகுத்துக்கு வழிவிட்டானின் மைக்செட்டை விட்டுவிட்டு வெளியூர் செட்டைக் கூப்பிட்டோம். முள் வெட்டுவதை அன்றே நிறுத்திவிட்டோம், வராத விருந்தாளிக்கு எதற்கு வீடு கூட்டுவது?

அவள் மட்டும் தினமும் விடிந்ததும் அரிவாளை எடுத்துக்கொண்டு கண்மாய்க்குப் போனாள். வேலை இல்லாத வழிவிட்டானும் கூடவே போனான். ஒரு நாள் மாட்டுக்கொட்டகை வைத்திருந்தவர் இதைப் பார்க்கச் சகிக்காமல் கொட்டகையைத் தானே பிரித்துக்கொண்டார். அப்புறம் நாங்களும் சும்மா வேடிக்கை பார்க்கிற மாதிரி போய், கையில் இருந்த கோடாரியைச் சும்மா வைத்திருப்பானேன் என்று ஒன்றிரண்டு வெட்டினோம். அவளோடு பேசவில்லை, வெட்ட மட்டும் வெட்டினோம். ஆடிக்காற்று அடிக்கும்போது கண்மாய் துடைத்து வைத்த பாத்திரம் மாதிரி காலியாகக் கிடந்தது.

அந்த ஆடியில்தான், ஒரு மத்தியான பஸ்ஸில், தலையில் கம்பளிக் குல்லாவோடு ஒரு பெண் எங்கள் ஊரில் இறங்கினாள். அந்த வெயிலில் கம்பளியைப் பார்த்ததும் ஊர் முழுக்க வாசலுக்கு வந்துவிட்டது. பஞ்சவர்ணம் வீடு எது என்று கேட்டாள். காட்டினோம். அவள் போனாள், வாசலில் காலையில் போட்ட கோலத்தைத் தாண்டப் பார்த்து, முடியாமல் மிதித்துவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

பஞ்சவர்ணம் உள்ளிருந்து பார்த்தாள். அந்த மிதிபட்ட கோலத்தைத்தான் முதலில் பார்த்தாள்.

“வாங்க மதினி. வாங்க, வாங்க” என்றாள். அப்போதுதான் நினைவு வந்து பதறினாள். “இருங்க, தண்ணி கொண்டாறேன்.”

“வேணாம். கொண்டாந்திருக்கேன்” என்ற நாச்சம்மாள் மடியிலிருந்த துணி முடிச்சை அவிழ்த்தாள். பெயர் வெட்டிய சொம்பு, தளும்பத் தளும்பத் தண்ணீர், பஸ்ஸில் அத்தனை தூரம் வந்தும் ஒரு சொட்டுச் சிந்தவில்லை. “பூண்டு நல்லா விளைஞ்சுச்சு. அறுப்பு முடிஞ்சப்புறம் உங்க சொம்பு கரையில வந்து ஒதுங்கிக் கிடந்துச்சு. வெறும் சொம்பா எப்படி மதினி திருப்பிக் குடுக்கிறது?”

பஞ்சவர்ணம் சொம்பை வாங்கி, முறைப்படி, வந்தவளுக்கே முதலில் நீட்டினாள். நாச்சம்மாள் வழி நெடுகத் தாகத்தை அடக்கிக்கொண்டு வந்தவள், அண்ணாந்து குடித்தாள். பஞ்சவர்ணம் குடித்தாள். வழிவிட்டான் குடித்தான். சொம்பில் தளும்பத் தளும்பத் தண்ணீர் இருந்தது. வாசலில் நின்ற எங்களையும் பஞ்சவர்ணம் கூப்பிட்டாள், அவளோடு பேச்சை நிறுத்தியவர்கள்தான் நாங்கள், ஆனால் தண்ணீர் என்று கூப்பிட்டால் எந்த ரோஷமும் நிற்காது. கீழத்தெரு குடித்தது, மேலத்தெரு குடித்தது, பொக்லைன் ஓட்டியவர் இரண்டு தரம் குடித்தார், பல் கூசுகிற குளிர்ச்சி, சொம்பு குறையவில்லை. சொம்புக்குள் யார் வந்திருக்கிறார்கள் என்று அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது. தலைவர் வேட்டி மாற்றிக்கொள்ள ஓடினார், ஆரத்தித் தட்டுகள் வந்தன, சொம்பை இப்போதே கண்மாய்க்குக் கொண்டுபோய்ச் சாய்த்துவிடலாம், மைக்கை எடு வழிவிட்டான் என்று ஊரே கத்தியது.

பஞ்சவர்ணம் சொம்பை நடுவீட்டில் பலகை போட்டு வைத்துவிட்டு வந்து, நிலைப்படியில் இரண்டு கையையும் விரித்து நின்றாள்.

“எல்லாம் நாளைக்குப் பாத்துக்கலாம். வந்ததும் வராததுமா வேலைக்கு அனுப்புறதா? இன்னைக்கு ஒரு நாள் வீட்டுல இருக்கட்டும்.”

நாங்கள் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டோம். காத்திருப்பது எங்களுக்குப் பழக்கம்தான், ஆனால் விருந்தாளி உள்ளே இருக்கும்போது வெளியே காத்திருந்தது அதுதான் முதல் தடவை.